பயிற்சி நிலையமும் அதன் முதல் நோக்கமும்

நம் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, யூபிலி ஆண்டின் நினைவாகத் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று நிறுவப்படல் வேண்டும் என்னும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியமையை அன்பர்கள் அறிவார்கள். க. பொ. த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு, மேற்படிப்பும் இன்றி வேலையும் இன்றி நிற்கும் அயற்கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கியல், கணினி, ஆங்கிலம், மின்னிணைப்பு வேலை என்பவற்றைப் பயிற்றுதலே அதன் நோக்கம். கூட்டம் முடியும் வேளையிற் கொழும்பிலே கணக்காய்வுத் தொழில் புரியும் அன்பர் ஒருவர் எழுந்து, "இந்நிலையம் தன் செலவைத் தானே தேடிக்கொள்ளுமா?" என்று வினவினார். தேடிக்கொள்ளும் என்றார் காரியதரிசி. கட்டணஞ் செலுத்த வல்ல பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் ஐந்தாண்டில் இருமடங்காக வளரும் என்றும் உறுதி கூறினார். சபையோர் கைதட்டினர், நாமும் தட்டினோம். ஆயினும் வீடு திரும்பும் வழியிலே ஓர் ஐயம் நம்மைப் பற்றிக்கொண்டது. அதனை எழுதித் தருமாறு மலராசிரியர் கேட்டமையால் இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

ஐயம் இதுதான். ஒரு வகைப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய நிலையம், தன்னைத் தாங்கிக்கொள்ளும்பொருட்டு வேறொரு வகைப் பிள்ளைகளையும் சேர்க்கின்றது. அவர்களாற் பொருள் வருகின்றது. பொருளால் நிலையம் வளர்கின்றது. வளர்ச்சியாற் பெயர் பரவுகின்றது. அந்நிலையில், முதன்முதல் எவரை எண்ணிக் கதவு திறக்கப்பட்டதோ அவர்கள் உள்ளே இருக்கின்றார்களா, வெளியே நிற்கின்றார்களா? கட்டணம் வாங்குதல் தவறென்றோ, வளர்தல் தவறென்றோ நாம் கூற வரவில்லை. பணமின்றிப் பாடசாலை நடவாது என்பதைச் சுண்ணக்கட்டிக்குக் கூடக் கணக்குப் பார்த்த ஆசிரியர் எவரும் அறிவர்.

இவ்வாறு எண்ணிக்கொண்டிருந்த நாள்களிலே, சுவிற்சர்லாந்தில் வாழும் நம் பழைய மாணவர் ஒருவர் கைத்தொலைபேசி வாயிலாக நிழற்படம் ஒன்றை அனுப்பினார். அந்நாட்டில் ஆர்கவ் என்னும் மாநிலத்திலே பிர் என்றொரு சிற்றூர் உண்டு. அங்கே பாடசாலைக் கட்டடத்தின் சுவரை ஒட்டி அமைந்த நினைவுச் சின்னம் ஒன்றின் படம் அது. "சேர், நீங்கள் வகுப்பிற் சொன்ன பெஸ்தலோசி இவர்தானே? வேலைக்குப் போகும் வழியில் இருக்கிறார்" என்று கீழே எழுதியிருந்தார். வகுப்பிற் கூறியதை ஒரு மாணவன் இருபதாண்டு கழித்து நினைவிற் கொண்டிருத்தல் ஆசிரியனுக்குக் கிடைக்கும் பெரிய சம்பளமன்றோ? அது நிற்க.

ஆசிரிய கலாசாலையிற் பயின்றோர் அனைவரும் பெஸ்தலோசியின் பெயரை மனனஞ் செய்தவர்களே. எளியதிலிருந்து அரியதற்குச் செல்லல், காணும் பொருளிலிருந்து கருத்துக்குச் செல்லல், தலை, நெஞ்சம், கை ஆகிய மூன்றையும் ஒருங்கே வளர்த்தல் என்று பரீட்சைத் தாளிலே எழுதிப் புள்ளி பெற்றோம். ஆனால் அப்பெரியார் தம் ஆயுளிற் பெரும்பகுதியைப் பயிற்சி நிலையங்களை நடத்துவதிலும், அவற்றுக்குப் பணந் தேடுவதிலும், அவற்றை இழப்பதிலுமே கழித்தார் என்பதை நமக்கு எவரும் விரித்துக் கூறினாரல்லர். அவருடைய கல்விக் கொள்கையினும் அவருடைய வரவுசெலவே இன்று நமக்கு அதிகம் கற்பிக்க வல்லது என்பது நம் எண்ணம்.

யொகான் ஹைன்றிக் பெஸ்தலோசி 1746 ஆம் ஆண்டு சூரிச் நகரிற் பிறந்தார். ஐந்து வயதிலே தந்தையை இழந்தார். இளமையிலே பிர் என்னும் ஊருக்கு அண்மையில் நிலம் வாங்கிப் பயிர் செய்ய முனைந்தார். அவ்விடத்துக்கு அவர் இட்ட பெயர் புதுப்பண்ணை என்று பொருள்படும். பயிர் கைகொடுக்கவில்லை. 1774 ஆம் ஆண்டில், அயலில் இரந்து திரிந்த ஏழைப் பிள்ளைகளைத் தம் வீட்டிற் சேர்த்து, பஞ்சு நூற்கவும் நெய்யவும் பழக்கி, வேலை நடக்கும்போதே எழுத்தும் எண்ணும் கற்பித்தார். பிள்ளைகளின் கைவேலை விலைப்பட்டு அவர்களுடைய உணவுக்கும் உடைக்கும் போதியதாகும் என்பது அவர் போட்ட கணக்கு. இன்றைய மொழியிற் கூறினால், தன் செலவைத் தானே தேடிக்கொள்ளும் தொழிற்பயிற்சி நிலையம் அது. நம் கூட்டத்திலே கேட்கப்பட்ட வினாவை 250 ஆண்டுகளுக்கு முன்னரே அவர் தமக்குத் தாமே கேட்டிருந்தார்.

ஆறாண்டில் நிலையம் மூடப்பட்டது. ஏன் என்பதைக் கவனித்தல் வேண்டும். மெலிந்து வந்த பிள்ளை உணவுண்டு தேறி, நூற்கக் கற்று, புதிய உடையும் பெற்றவுடன் பெற்றோர் வந்து அழைத்துச் சென்றுவிடுவர். பயிற்சிக் காலம் முழுவதும் செலவு நிலையத்துக்கு. கை பழகியபின் வரும் ஊதியம் பிறர்க்கு. பழகாத கை நூற்ற நூலோ சந்தையில் விலைபோகாது. இவற்றுக்கு மேலாகத் தம்முடைய பிழையையும் அவர் பின்னாளில் ஒளியாது எழுதியுள்ளார். தடித்த நூலிலே பிள்ளைகளின் கை உறுதிப்படுமுன், அதிக விலை கிடைக்குமென்று மெல்லிய நூலை நூற்கச் செய்தாராம். எளியதிலிருந்து அரியதற்குச் செல்லல் வேண்டும் என்று உலகுக்குப் போதித்தவர், பணமுடை வந்த காலத்திலே தாமே அவ்விதியைக் கடந்துசென்றார்! மனைவி அன்னா அம்மையாரின் சீதனப் பொருளும் அதிற் கரைந்தது.

அடுத்த பதினெட்டு ஆண்டும் அவர் எழுத்தாளராகவே வாழ்ந்தார். 1781 இல் வெளிவந்த அவருடைய கதைநூல் ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றது. பிரான்சிய சட்டசபை 1792 இல் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கிற்று. ஆயினும் அவர் விரும்பியது பிள்ளைகள் நிறைந்த ஒரு வீட்டையே. பிரான்சியப் படையினர் சுவிற்சர்லாந்தின் மலைநாட்டுக் கிளர்ச்சியை அடக்கியபின், அநாதைகளாகிய ஏறத்தாழ எண்பது பிள்ளைகளை 1799 தை மாதத்தில் ஸ்தான்ஸ் என்னும் ஊரின் கன்னியர் மடத்திலே பொறுப்பேற்றார். வீட்டுப் பணிப்பெண் ஒருத்தியே அவருக்கு உதவி. ஆனி மாதத்திலே படையினருக்கு வைத்தியசாலை வேண்டுமென்று அந்த இடமும் பறிக்கப்பட்டது. போரின் பின் தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளைக் கண்டு வாழ்ந்த நமக்கு இந்த ஐந்தாறு மாதக் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

1800 ஆம் ஆண்டிலே பூர்க்டோர்ப் என்னும் ஊரின் கோட்டையில் அவர் தொடங்கிய நிலையமே உண்மையிற் பயிற்சி நிலையமாக வளர்ந்தது. பஞ்சத்தால் வாடிய அப்பென்சல் மலைநாட்டிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்த குறூசி என்னும் இளைஞர் முதல் உதவியாசிரியரானார். இங்கேதான் கட்டணஞ் செலுத்தும் மாணாக்கரும் சேர்ந்தனர். அவர்களிடம் வரும் பொருளைக் கொண்டு ஏழைகளுக்கான நிலையம் ஒன்றை எழுப்புதல் பெஸ்தலோசியின் எண்ணம். கட்டணப் பிள்ளைகள் வழி. ஏழைப் பிள்ளைகள் சேருமிடம். அவர் மனத்திலே இது மிகத் தெளிவாக இருந்தது. கணக்கேட்டிலே இருக்கவில்லை.

நான்காண்டில் அந்தக் கோட்டையையும் அரசு திருப்பி எடுத்துக்கொண்டது. பின்னர் இவெர்தோன் நகரத்தார் தம் பழைய கோட்டையை மனமுவந்து அளித்தனர். 1805 முதல் 1825 வரை அங்கே நடந்த நிலையமே உலகப் புகழ் பெற்றது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மாணாக்கர் பல தேசங்களிலிருந்தும் வந்து தங்கியிருந்தனர். பிரசிய அரசு தன் இளம் ஆசிரியர்களை அரச செலவில் அங்கே பயிற்சிக்கு அனுப்பிற்று. பாலர் பூங்காவின் தந்தை என நாம் போற்றும் புறோபல், தம் பொறுப்பிலிருந்த பிராங்போட் நகரத்துச் சிறுவர் மூவருடன் 1808 முதல் 1810 வரை தங்கிக் கற்றார். பெண்பிள்ளைகளுக்குத் தனி நிலையம் திறக்கப்பட்டது. அச்சகமும் வந்தது.

பார்வையாளரும் வந்தனர். இதனைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அப்பென்சலிலிருந்து வறிய சிறுவனாக வந்து, நிலையத்திலேயே வளர்ந்து ஆசிரியரான ராம்சவர் என்பவர் தம் நினைவுகளை எழுதியிருக்கின்றார். ஹங்கேரி நாட்டுப் பெருநிலக்கிழாரான எஸ்தர்ஹாசி இளவரசர் ஒருமுறை அங்கே வந்தாராம். உடனே பெஸ்தலோசி வீடு முழுவதும் ஓடித் திரிந்து ராம்சவரைத் தேடிப் பிடித்து, மிகத் திறமையான மாணாக்கரை அழைத்துவந்து காட்டுமாறு பணித்தாராம். அவ்விளவரசரின் நிலத்திலே ஆயிரக்கணக்கான அடிமைக் குடிகள் உண்டு. அவர் மனம் இசைந்தால் அக்குடிகளின் பிள்ளைகளுக்கெல்லாம் பாடசாலை எழும் என்பது கிழவரின் ஆவல். எவ்வளவு தூய ஆவல்! ஆனால் அது வகுப்பறையிலே விளைத்தது யாது? விருந்தினர் வரும்போதெல்லாம் கெட்டிக்காரப் பிள்ளைகளே முன்னே நிறுத்தப்பட்டனர். ஆசிரியர்கள் ஒரே நாளிற் பலமுறை ஒரே பாடத்தை நடித்துக் காட்டிக் களைத்தனர். ஏழைகளின்பொருட்டு நிகழ்ந்த காட்சியிலே, மெல்லக் கற்கும் ஏழைப் பிள்ளைக்கு இடமில்லாது போயிற்று. பூர்க்டோர்ப்பிலே தந்தையைப் போலத் தம் அருகில் இருந்தவர் இவெர்தோனிலே எட்டாதவராகிவிட்டார் என்றும் ராம்சவர் வருந்துகின்றார்.

பெஸ்தலோசி இதனை அறியாதவரல்லர். 1808 ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளிலே, தமக்கென்று ஒரு சவப்பெட்டியைச் சபை நடுவே வைத்து, அதனருகில் நின்று, தம் பணி தம்மாலேயே பழுதுற்றது என்று ஆசிரியர் முன்னும் மாணாக்கர் முன்னும் கலங்கிப் பேசினார். கேட்ட பிள்ளைகள் என்ன நினைத்திருப்பார்களோ, நாம் அறியோம். மறுநாட் காலையிலே வழக்கம்போல மணி அடித்திருக்கும். வழக்கம்போலப் பாடம் நடந்திருக்கும். ஆண்டுதோறும் நிகழ்ந்த அவருடைய உரைகளிலே நோக்கம் உயிரோடு இருந்தது. கால அட்டவணையில் அதற்கு ஒரு பாடவேளைதானும் இருக்கவில்லை.

1809 இல், உதவியாசிரியர் நீடெரரின் தூண்டுதலினால், சுவிற்சர்லாந்து அரசு தம் நிலையத்தை ஆராய்ந்து அறிக்கை தரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். கல்வியிற் சிறந்த ஜிறார் என்னும் பாதிரியார் முதலிய மூவர் வந்து பார்த்தனர். அடுத்த ஆண்டில் வெளியான அறிக்கை மரியாதையான மொழியிலேதான் எழுதப்பட்டிருந்தது. ஆயினும் இந்நிலையம் தன் வழியே செல்கின்றது, நாட்டின் பொதுப் பாடசாலைகள் தம் வழியே செல்கின்றன, இரண்டும் இணைதல் அரிது என்பது அதன் சாரம். ஏழைகளின் பாடசாலையைத் திருத்தப் பிறந்த நிலையத்துக்கு இதனினும் கடிய தீர்ப்பு வேறுண்டோ? அதன்பின் கண்டனமும் மறுப்புமாக எழுத்துப் போர் மூண்டது. நிலையத்தின் அச்சகமும் அப்போருக்கே உழைத்து நட்டத்தில் முடிந்தது. நம் நாவலர் பெருமான் 1849 இற் சென்னை சென்று வாங்கிவந்த அச்சியந்திரம் வண்ணார்பண்ணை வித்தியாசாலைப் பிள்ளைகளுக்குப் பாலபாடத்தை அச்சிட்டது. அச்சகம் இரண்டிடத்தும் ஒன்றே. யார் கையில் எந்தத் தாளைக் கொடுக்க அது சுழன்றது என்பதிலேதான் வேறுபாடு.

1810 இல் நிலையத்தை விட்டு நீங்கிய ஷ்மித் என்னும் கணித ஆசிரியர் 1815 இல் மீள அழைக்கப்பட்டார். அவரும் ஒஸ்திரிய மலைப்புறத்திலிருந்து வறிய சிறுவனாக வந்தவரே. கடன் கழுத்தளவில் இருந்தது. ஷ்மித் செலவைக் குறைத்தார், கணக்கைச் சீர்செய்தார், கடுஞ் சொற் கூறினார். அவ்வாண்டு மார்கழியிலே, எல்லாரையும் அணைத்து வைத்திருந்த அன்னா அம்மையார் காலமானார். 1816 இற் குறூசியும், 1817 இல் நீடெரரும் பிரிந்தனர். வழக்குகள் பல ஆண்டு நீண்டன. சரித்திர நூல்கள் பெரும்பாலும் ஷ்மித்தைத் தீயவராகவே தீட்டுகின்றன. நாம் அவ்வாறு கருதவில்லை. பத்தாண்டாகக் கணக்குப் பாராத வீட்டிலே, கணக்குப் பார்க்க வருபவன் பகைவனாகவே தோன்றுவான். அவர் மீது நமக்குள்ள குறை வேறு: கோட்டையைக் காப்பாற்றக் கணக்கெழுதினார், கோட்டை யாருக்காக என்பதைக் கணக்கில் எழுதவில்லை. அதனை எழுதச் சொல்ல வேண்டியவரும் எழுதச் சொல்லவில்லை.

எழுபத்திரண்டாம் வயதிலே, 1818 இல், தம் நூல்களின் தொகுப்புப் பதிப்பால் வரும் பொருளை நம்பி, இவெர்தோனுக்கு அண்மையிலுள்ள கிளெந்தி என்னும் இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு நிலையம் திறந்தார். முதலிற் சேர்ந்தோர் பன்னிருவர். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுக் கனவு அது. பிள்ளைகள் வியக்கத்தக்க வகையிற் கற்றனர். அதனாலேயே புகழ் பரவிற்று. புகழ் பரவவே இங்கிலாந்திலிருந்து கட்டணப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். அடுத்த ஆண்டிலே எல்லாரும் கோட்டைக்கு மாற்றப்பட்டனர். எவரும் அந்நிலையத்தை மூடத் தீர்மானித்ததில்லை. பெரியதற்குள் அது கரைந்துபோயிற்று. இவ்வரலாற்றிலே நம்மை மிக வருத்துவது இந்தப் பன்னிருவரின் கதைதான்.

1825 இல் இவெர்தோன் நிலையமும் மூடப்பட, கிழவர் புதுப்பண்ணைக்கே திரும்பி, 1827 மாசியிற் காலமானார். பிரிலுள்ள சின்னம் 1846 இல் அமைக்கப்பட்டது. புதுப்பண்ணையோ, 1914 முதல், இடர்ப்பட்ட இளைஞருக்குத் தொழில் பழக்கும் இல்லமாக இயங்கி வருகின்றது.

இனி, அதே நாட்டிலே அதே காலத்தில் வேறுவிதமாகச் செய்தவர் ஒருவரையும் காண்போம். பெர்ன் நகருக்கு அண்மையில் ஹோப்வில் என்னும் பண்ணையை நடத்திய பெல்லன்பேர்க் என்பார் செல்வக் குடியிற் பிறந்தவர். இரும்பு போன்ற உள்ளத்தினர். பெஸ்தலோசி 1804 இல் அவரோடு கூட்டுச் சேர்ந்து, ஓராண்டும் பொறுக்கமாட்டாது விலகினார். பெல்லன்பேர்க் தம் பண்ணையிலே உயர்குடிப் பிள்ளைகளுக்குப் பெருங் கட்டணக் கல்லூரி ஒன்றும், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொழிற்பாடசாலை ஒன்றும் வெவ்வேறாக நடத்தினார். ஏழைகளின் பாடசாலைக்கு 1810 இல் வேர்லி என்னும் இளம் ஆசிரியரை நியமித்தார். வேர்லி அப்பிள்ளைகளோடு உண்டு, அவர்களோடு உறங்கி, வயலிலே அவர்களோடு மண்வெட்டி பிடித்து, வேலைக்கிடையே பாடமும் சொன்னார். 1833 இல் ஆசிரிய கலாசாலை ஒன்றின் தலைமையை ஏற்றுச் செல்லும்வரை இருபத்துமூன்று ஆண்டு அந்த ஒரு பணியே அவர் பணி. பிள்ளைகள் இருபத்தொரு வயதுவரை தங்கவேண்டும் என்பது விதி. அதனால் இளமையில் ஆன செலவைப் பிற்காலத்து உழைப்பு ஈடுசெய்தது. புதுப்பண்ணை எந்த ஓட்டையால் மூழ்கியதோ அந்த ஓட்டையை இவ்விதி அடைத்தது.

ஆகவே பெல்லன்பேர்க்கைப் பின்பற்றுவோம் என்று முடித்துவிடலாமோ? நம்மால் இயலவில்லை. ஏழை ஏழையாகவே இருந்து நல்லுழைப்பாளியாக வாழட்டும், பிரபு பிரபுவாகவே இருந்து நல்லாளுநனாகட்டும் என்னும் கருத்து அவ்விரு கட்டடங்களின் அத்திவாரத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு வேறு வாங்கு என்றாற் பொருள் என்ன என்று பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. 1930 ஐ அண்டிய ஆண்டுகளிலே நம் பாடசாலைகளிற் சம ஆசனத்தின்பொருட்டு நிகழ்ந்தவற்றை முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவற்றுட் சில நாம் பெருமையோடு நினைக்கத்தக்கனவல்ல. இலவசப் பிள்ளைக்கு ஒரு மண்டபம், கட்டணப் பிள்ளைக்கு ஒரு மண்டபம் என்று வகுப்போமாயின், தாத்தாமார் இழந்த வாங்கைப் பேரப்பிள்ளைகள் வேறு பெயரில் மீட்டெடுத்ததாகவே முடியும்.

பெஸ்தலோசி வாங்கை ஒன்றாக்கினார், கணக்கையும் ஒன்றாக்கினார், ஏழைப் பிள்ளை மறைந்தது. பெல்லன்பேர்க் கணக்கை வேறாக்கினார், வாங்கையும் வேறாக்கினார், ஏழைப் பிள்ளை நிலைத்தது, ஆயின் ஏழைப் பிள்ளையாகவே நிலைத்தது. கணக்கு வேறாகவும் வாங்கு ஒன்றாகவும் இருக்கும் நிலையம் இயலுமா என்பதே நம் சங்கத்தின் முன்னுள்ள வினா.

இதனை நூலறிவால் மாத்திரம் கூறவில்லை. 2010 ஆம் ஆண்டிலே, இடப்பெயர்வாற் படிப்புக் குழம்பிய பிள்ளைகள் எழுவரை, ஆசிரியர் மூவர் சேர்ந்து ஒரு வீட்டு விறாந்தையில் இருத்தி மாலை வேளையிற் கற்பித்தோம். அவர்கள் பணங் கொடுத்தாரல்லர்; ஒரு தாய் முருங்கைக்காய் கொண்டுவருவார். அடுத்த ஆண்டில் எழுவருள் ஐவர் சித்தியடையவே, அயலார் தம் பிள்ளைகளையும் சேர்க்க விரும்பினர். கட்டணம் வாங்கினோம், அதில் நாணம் இல்லை. விறாந்தை கொட்டிலாயிற்று, கொட்டில் தகர மண்டபமாயிற்று. ஐந்தாண்டில் முந்நூறு பிள்ளைகள். ரியூசன் நிலையங்களுக்கிடையே போட்டி மிகவே, பெறுபேறு வந்தவுடன் சித்தியடைந்தோரின் படங்களைப் பெருந் துணியில் அச்சிட்டுச் சந்தியிற் கட்டினோம். நம்முடைய எஸ்தர்ஹாசிகள் அச்சந்தியாற் போவோர் வருவோரே. கட்டணம் செலுத்தியதற்கு அடையாள அட்டை கொடுத்தோம்; படலையில் அதனைப் பார்க்க ஓர் இளைஞரை நிறுத்தினோம்.

2016 இல் ஒரு மாலை, மழை தூறிக்கொண்டிருந்தது. படலைக்கு வெளியே ஒரு பெண்பிள்ளை கொப்பியைச் சட்டைக்குள் மறைத்தபடி நின்றாள். அட்டை இல்லை என்றார் இளைஞர்; தம் கடமையைத்தான் செய்தார். யார் மகளென்று விசாரித்தபோது, முதல் எழுவருள் ஒருவனுடைய தங்கை என்றாள். அண்ணன் படித்த இடமாகையால் வந்ததாகக் கூறினாள். அன்றிரவு மூவரும் கணக்குக் கொப்பியை விரித்தோம். வாடகை இருந்தது, மின்சாரம் இருந்தது, துணி அச்சிட்ட செலவும் இருந்தது. இலவசமாகப் படிப்போர் எத்தனை பேர் என்னும் நிரல் இருக்கவில்லை. இரண்டு மணிநேரம் பெயர்களைப் புரட்டியும் நால்வரையே கண்டுபிடிக்க முடிந்தது. முந்நூறில் நால்வர்! இலவசப் பிள்ளைகளை நிறுத்துவோம் என்று நாம் ஒருநாளும் தீர்மானிக்கவில்லை. கிளெந்தியிலும் எவரும் தீர்மானிக்கவில்லை.

மறுநாள் தொடக்கம் முதல் நிரலாக அதனைச் சேர்த்தோம். ஐந்து கட்டணப் பிள்ளைகளுக்கு ஓர் இலவசப் பிள்ளை. அவ்விடம் நிரம்பாதவரை புதிதாகக் கட்டணப் பிள்ளை சேர்ப்பதில்லை. அட்டை எல்லார்க்கும் ஒரே நிறம். கட்டணம் செலுத்தியவர் யார் என்பது கணக்குக் கொப்பிக்கு மட்டுமே தெரியும். படலையில் நிற்பவருக்குத் தெரியாது. இரண்டாண்டில் முந்நூறு நூற்றெழுபதாகக் குறைந்தது. நண்பர் ஒருவர் இது பிழைக்கத் தெரியாத வேலை என்று கூறிப் பிரிந்து, வேறு நிலையம் தொடங்கினார். அவரோடு பகை இல்லை. 2020 இலே கொரோனாக் காலத்தில் வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, தொலைபேசியில்லாத பிள்ளைகள் மீண்டும் நழுவினர். நிரல் இருந்தமையால் இம்முறை யார் யார் என்று நமக்குத் தெரிந்தது. சைக்கிளிற் சென்று தாள்களைக் கொடுத்தோம். எல்லாரையும் மீட்டோம் என்று கூற இயலாது. பதினொருவர் திரும்பவில்லை. அவர்களின் பெயர்கள் கொப்பியில் உள்ளன.

காரியதரிசி அவர்கள் தயாரித்துச் சுற்றுக்கு விட்ட வரவுசெலவுத் திட்டத்தை அன்பர்கள் பார்த்திருப்பார்கள். மிகக் கவனமாக எழுதப்பட்டது. கணினிகளின் தேய்மானம் வரை எண்ணியிருக்கின்றார். எதிர்பார்க்கும் மாணாக்கர் தொகை முதலாண்டில் அறுபது, ஐந்தாம் ஆண்டில் நூற்றிருபது. அவ்வறுபதின்மருள் எத்தனை பேர் அயற்கிராமத்துப் பிள்ளைகள் என்பது எங்கும் குறிக்கப்படவில்லை. மறந்தமையாலன்று, எல்லார் மனத்திலும் இருப்பதை எழுத வேண்டுமா என்று எண்ணியமையாலேயே விடுபட்டது. வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பும் பணமும் கட்டணப் பணமும் ஒரே தலைப்பிற் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரித்து, நன்கொடை ஒவ்வொன்றும் எத்தனை இலவச இடத்தைத் தாங்குகின்றது என்று காட்டுதல் தகும். அவ்விடங்கள் நிரம்பினவா என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே தனாதிகாரி முதலில் அறிவிக்கட்டும். பெறுபேறுகளை அதன்பின் வாசிக்கலாம். மின்னிணைப்பு வேலை பழகிய பிள்ளை மூன்று மாதத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டால், அதனை இடைவிலகல் என்று எழுதுவதா, சித்தி என்று எழுதுவதா என்பதையும் இப்போதே முடிவு செய்தல் நன்று. புதுப்பண்ணை அந்த இடத்திலேதான் தடுமாறிற்று. வேர்லியைப் போல அப்பிள்ளைகளுக்கென்றே பொறுப்பான ஒருவர் வேண்டும். அவர் பாடம் நடத்த வேண்டுவதில்லை. வராத பிள்ளையின் வீட்டுக்கு மறுநாளே செல்பவராக இருந்தாற் போதும்.

பார்வையாளர் பற்றி ஒரு சொல். யூபிலி விழாவுக்கு வரும் அன்பர்கள் நிலையத்தைப் பார்க்க விரும்புவார்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆனால் முன்வரிசையில் யாரை இருத்துவது என்று முன்னிரவு எவரும் ஒழுங்கு செய்யாதிருக்கும்படி வேண்டுகின்றோம். தடுமாறி எழுத்துக் கூட்டும் பிள்ளையைக் கண்டு முகஞ் சுளிக்கும் பழைய மாணவர் நம் கல்லூரியில் இரார் என்பது நம் நம்பிக்கை. நம்முள்ளும் அவ்வாறு தடுமாறியவர் பலர் உளர். ஆசிரியராகையால் யார் யார் என்று நமக்குத் தெரியும், கூறமாட்டோம்.

திட்டத்திலே செலவுத் தலைப்புகள் பதினொன்று உள்ளன. பன்னிரண்டாவதாக ஒன்றை நாம் பென்சிலால் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கின்றோம். மையால் எழுதும் உரிமை சபைக்கே உரியது. அடுத்த கூட்டம் தைப்பூசத்துக்குப் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கல்லூரி மண்டபத்தில் நடைபெறும்.